வானத்தில் பிரேக் பிடித்தவன்

இரண்டு சக்கர வண்டி பழுது பார்க்கிற தொழிலில், முன்சக்கரத்தைப் பார்த்ததுமே வண்டிக்காரன் எதில் இடித்தான் என்று சொல்லிவிடலாம். ஏன் இடித்தான் என்பதை மட்டும் அவன் வாயிலிருந்து கடைசிவரை வாங்க முடியாது. பசு குறுக்கே வந்தது என்பான். பொய்ப்பழி சுமப்பதில் பசுவை மிஞ்சிய பிராணி இந்த உலகத்தில் கிடையாது. பட்டறை வைத்துப் பிழைக்கிற சகோதரர்கள் யாராவது இதைப் படித்தால், இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

தொண்ணூறுகளில் என்னுடைய பட்டறை உதியன்குளங்கரை ஜங்ஷனில் இருந்தது. நாங்கள் கேரளத்துக்காரர்கள். வீட்டில் தமிழ், கடைப்பலகையில் மலையாளம், வண்டி சொன்ன நேரத்துக்குத் தயாராகவில்லை என்றால் வசவு இரண்டிலும் வரும். பக்கத்துக் கடையில் லேத் வைத்திருந்த சுகுமாரன் என் சேக்காளி. என்னை எல்லோரும் ஆசான் என்பார்கள். எங்கள் பக்கத்தில் ஸ்பானர் பிடித்தவனெல்லாம் ஆசான்தான், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

பசு வராத விபத்து

ஒருநாள் காரோடு என்கிற ஊரின் கடற்கரையிலிருந்து ஜெறால்டு ஒரு நூறு சிசி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகிறவன். கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. வண்டியைப் பார்த்து நான் குழம்பிப்போனேன். முன்பக்க ஃபோர்க்கின் இரண்டு காலிலும் எண்ணெய் பீறிட்டு வழிந்திருந்தது. ரிம் அடிப்பக்கமாகச் சப்பிப் போயிருந்தது. ஆனால் ஹெட்லைட்டில் ஒரு கீறல் இல்லை, மட்கார்டில் ஒரு நெளிவு இல்லை. எதிலாவது மோதியிருந்தால் இவை இரண்டும்தான் முதலில் போகும்.

"பசுவா?" என்றேன். இல்லை என்றான். "சுவரா?" இல்லை. கடற்கரையில் ஆறு வந்து சேருகிற இடத்தில் பெரிய மணல்மேடு ஒன்று உண்டு. அதன் உச்சிவரை முறுக்கிக்கொண்டு போய் அப்படியே வண்டியோடு வானத்தில் சாடுவானாம். சாட்டம் என்றால் எங்கள் ஊரில் குதிப்பது. சும்மா, மனதுக்கு ஒரு சந்தோஷத்துக்கு. "எலே, அவ்வளவு உயரத்தில இருந்து விழுந்து முதுகு முறியாம வந்திருக்கியே" என்று திட்டினேன். அவனுக்கு முதுகைப் பற்றிய கவலை இல்லை, நான் சொன்ன வார்த்தைதான் பிடிக்கவில்லை. முகம் வாடிச் சொன்னான்: "விழல்ல ஆசானே, எறங்குனது ஆக்கும்."

கேசட்

வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த எங்கள் தெருக்காரர் ஒருவர், செண்ட் பாட்டில்களோடு ஒரு வீடியோ கேசட்டும் கொண்டுவந்தார். அட்டையில் மோட்டோகிராஸ் என்று போட்டிருந்தது. அவருக்கு அதில் அக்கறை இல்லை, யாரோ கொடுத்ததாம். சுகுமாரன் வீட்டில் டெக் இருந்தது. ஜெறால்டையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தோம். முதலில் சேற்றில் பந்தயம் ஓடினார்கள். அது கொள்ளாம், மோசமில்லை. அதன் பிறகு பந்தயமே இல்லாத ஒன்று வந்தது. ஒரே ஒருவன் ஒரு மேட்டில் ஏறி வானத்தில் போனான். போனவன் இருக்கையிலிருந்து எழுந்து, ஹேண்டிலை மட்டும் பிடித்துக்கொண்டு, வண்டிக்குப் பின்னால் நெடுக்க மிதந்தான். அடுத்தவன் ஒரு காலைத் தூக்கி மறுபக்கம் போட்டுவிட்டு, நினைவு வந்தவனைப் போல எடுத்துக்கொண்டான். மூன்றாமவன் இரண்டு கையையும் விட்டுவிட்டான்.

பொய் சொல்லவில்லை, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அத்தனை வருடம் வண்டியைக் கழற்றிப் பூட்டியவனுக்கு, வண்டி என்றால் என்ன என்பதே தெரியாமல் இருந்திருக்கிறதே என்று தோன்றியது. இவர்கள் யாரும் யாரையும் முந்தவில்லை. வானத்தில் இருக்கிற கொஞ்ச நேரத்தில் என்ன செய்கிறோம் என்பதுதான் போட்டியாம். இதற்கு ஃப்ரீஸ்டைல் என்று பெயர், அந்த நாட்டிலேயே இப்போதுதான் தலையெடுக்கிறது என்று, தனக்குக் கேசட்டைக் கொடுத்தவர் சொன்னதைக் கேசட்காரர் பிறகு ஒப்பித்தார். ஜெறால்டு டெக்கின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டான். கை விட்ட இடம் வந்ததும் ரிவைண்ட் பண்ணுவான், மறுபடியும் போடுவான், மறுபடியும் ரிவைண்ட். சுகுமாரன் மட்டும் பெரும் வருத்தத்தோடு கேட்டான்: "இவனுவளுக்கு வீட்டில சொல்லுகதுக்கு ஆளில்லியா?"

பலாமரத்தில் தொங்கிய வண்டி

அதற்குப் பிறகு ஜெறால்டு கடலுக்குப் போகாத நாளெல்லாம் என் பட்டறையில்தான். ஒருநாள் வந்து, பின்பிரேக்கை நன்றாக இறுக்கித் தரவேண்டும், வானத்தில் பிடிக்க வேண்டியிருக்கிறது என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "தரையில ஓடுற வண்டிக்கு ஆக்கும் பிரேக்கு. வானத்தில எவன் ஒனக்குக் குறுக்க வாறான்?" என்று கத்தினேன். அவன் சிரித்துக்கொண்டே, வண்டியை ஒரு கயிற்றில் கட்டித் தூக்கிப் பார்க்கலாமா என்று கேட்டான்.

பட்டறைக்குப் பின்னால் ஒரு பலாமரம். சங்கிலிக் கப்பியைப் போட்டு, வண்டியை நடுவில் கட்டி, இரண்டு சக்கரமும் தரையில் படாமல் தூக்கினோம். என்ஜினை ஓட்டிக் கியர் போட்டதும் பின்சக்கரம் சுற்றியது. ஜெறால்டு ஆக்சிலேட்டரை முறுக்கினான். யாரும் தூக்காமல் வண்டியின் மூக்கு மேலே எழுந்தது. கிளட்சைப் பிடித்துக்கொண்டு பிரேக்கை ஒரு தட்டுத் தட்டினான். மூக்கு கீழே குனிந்தது. எத்தனை தடவை செய்தாலும் அப்படியே நடந்தது. வானத்தில் போனபிறகும் வண்டிக்கு ஒரு கடிவாளம் உண்டு என்று நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன். சுகுமாரன் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, வேறு கயிறு ஏதாவது கட்டியிருக்கிறதா என்று பார்த்தான். இதையெல்லாம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த மரச்சீனிக் கிழங்கு வியாபாரி ஒருவர், பழுதுபார்க்கக் கொண்டுவந்த தன் மொபெட்டை மெல்லத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்குப் போனார். போகும்போது சொன்னார்: "எனக்க வண்டியக் கெட்டித் தொங்கவிடாண்டாம் ஆசானே, அது தரையில ஓடினாப் போதும்."

அரிசி ஸ்பிரிங்

எங்கள் எல்லையில் ஸ்பிரிங் பலப்படுத்தினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து ரேஷன் அரிசியை மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வருகிறவர்கள்தான் பின்பக்கத்துக்குக் கனத்த ஸ்பிரிங் போடுவார்கள். ஜெறால்டின் வண்டிக்கும் அது தேவைப்பட்டது. பழைய ஆட்டோ ஒன்றின் ஸ்பிரிங்கை வாங்கி, சுகுமாரனின் லேத்தில் அளவு பண்ணிப் போட்டேன். ஃபோர்க்குக்குள் கட்டியான எண்ணெய் ஊற்றினேன். ஷேஸியின் கழுத்தில் பட்டை வைத்து வெல்டிங் அடித்தேன். பாரம் குறையட்டும் என்று மட்கார்டையும் ஹெட்லைட்டையும் கழற்றி வைத்தோம். அந்த வண்டியைப் பார்த்தால், திருடனே திருடாமல் விட்டுப்போன வண்டி என்று தோன்றும்.

களியக்காவிளைக்கு ஸ்போக் வாங்கப் போய்த் திரும்பிய ஜெறால்டை எல்லையில் போலீஸ் நிறுத்திவிட்டது. ஸ்பிரிங்கைப் பார்த்தார்கள். இருக்கையைக் கழற்றினார்கள், பெட்ரோல் டேங்கைத் தட்டினார்கள். ஒரு மணி அரிசி இல்லை. பிறகு இத்தனை ஸ்பிரிங் எதற்கு என்றார்கள். சாடுவதற்குப் போட்ட ஸ்பிரிங் என்று இவன் சொல்ல, அவர்கள் சிரிக்க, கடைசியில் என்னை வரச்சொல்லி ஆள் வந்தது. நான் போய் என் மலையாளத்தில் விளக்கினேன். வண்டி பறக்கும், பறந்தால் இறங்கவேண்டும், இறங்கினால் அடி தாங்கவேண்டும் என்றேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட போலீஸ்காரர் கடைசியில் முதல் கேள்விக்கே திரும்பி வந்தார்: "அரியில்லாத்த வண்டிக்கு எந்தினாடோ இத்ரயும் ஸ்பிரிங்கு?"

மட்கார்டு இல்லாத ஊர்

மணல்மேட்டில் ஜெறால்டு சாடுவதைப் பார்க்க ஆட்கள் கூடினார்கள். கூடியவர்கள் வீட்டுக்குப் போகிற வழியில் என் பட்டறையில் நின்றார்கள். எனக்கும் மட்கார்டைக் கழற்றிக் கொடு, எனக்கும் சைலன்சரை மேலே தூக்கி வை, எனக்கும் பட்டன் டயர் போடு. பறக்கிற எண்ணம் அவர்களில் ஒருவனுக்கும் கிடையாது. பறக்கப்போகிறவனைப் போல ஜங்ஷனில் நின்றால் போதும். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் அந்த வருடம் மட்கார்டு உள்ள வண்டியைக் கண்டால் அது அரசு உத்தியோகஸ்தருடையதாகத்தான் இருக்கும்.

பிறகு மழை வந்தது. ஒரு பையன் தன் அம்மாவைப் பின்னால் வைத்துக்கொண்டு மாதா கோவில் பெருநாளுக்குப் போனான். இறங்கி நடந்த அம்மாவின் வெள்ளைச் சட்டையில், பிடரியிலிருந்து இடுப்புவரை நேர்கோடாகச் சேறு. பூசை முடிகிறவரை பின்னால் நின்ற ஊர் முழுவதும் அதைப் பார்த்திருக்கிறது. மறுநாள் காலையில் அந்த அம்மாள் மகனையும் வண்டியையும் மட்கார்டையும் ஒன்றாகக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தினார். மகன் தலை குனிந்து நின்றான். அவர் மட்கார்டை என் மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "இத இவனுக்க வண்டியில வைக்கியா, இல்ல எனக்க முதுகில வைக்கியா?"

ஆனைக்கு ஆகாத வேலை

செங்கல் என்கிற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கோவில் உற்சவக் கமிட்டிக்காரர்கள், சாயங்காலம் ஆனை எழுந்தருளுவதற்கு முன்னால் ஜெறால்டின் சாட்டத்தை ஒரு நிகழ்ச்சியாக வைக்கலாம் என்று முடிவு செய்தார்கள். நோட்டீசிலும் அச்சடித்துவிட்டார்கள், 'அந்தரத்தில் பறக்கும் மோட்டார் சைக்கிள்' என்று. நான் ஆங்கிள் இரும்பில் சட்டம் அடித்து, தென்னம்பலகை பரப்பி, வண்டி ஏறிப்போக ஒரு சாய்வுமேடை கட்டினேன். வெள்ளோட்டத்துக்கு ஜெறால்டு ஒரு முறுக்கு முறுக்கினான். டூ ஸ்ட்ரோக் சத்தம் கோவில் மதிலில் பட்டுத் திரும்பியது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஓலை தின்றுகொண்டிருந்த ஆனை தின்பதை நிறுத்திவிட்டுக் காதை விரித்தது.

பாப்பான் ஓடி வந்தான். பாப்பான் என்றால் ஆனைக்காரன். அவனுக்கும் கமிட்டிக்கும் வாக்குவாதம். ஆனையை அடுத்த புரையிடத்துக்கு, அதாவது பக்கத்துத் தோட்டத்துக்கு, கொண்டுபோய்க் கட்டச் சொன்னார்கள். அவனுக்கு அது ஆனைக்கு நேர்ந்த மரியாதைக்குறைவாகப் பட்டது. இருந்தாலும் ஆனையை அவிழ்த்தான். போகிறவன் மேடையை மேலும் கீழும் ஒருதரம் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னான்: "வண்டி பறக்குதத ஆனை பாத்தா, நாளைக்கு அதுவும் பறக்கணும்னு சொல்லும். பின்னே நான் எங்க போய் நிப்பேன்?"

மெத்தை

வண்டி இறங்குகிற இடம் மெத்தென்று இருக்கவேண்டும் என்பதில் எங்கள் யாருக்கும் சந்தேகமே இல்லை. தேங்காய் உரித்த தொண்டுக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? லாரி நிறையக் கொண்டுவந்து கொட்டி, அதன்மேல் கடல்மணலைப் பரப்பினோம். நான் ஏறிக் குதித்துப் பார்த்தேன். சுகுமாரன் படுத்தே பார்த்தான். கட்டிலில்கூட இப்படி ஒரு சுகம் இல்லை என்றான்.

ஜெறால்டு வந்தான், ஏறினான், போனான். மைதானம் முழுவதும் ஒரே மூச்சாக 'ஹோ' என்றது. உச்சியில் அவன் கொஞ்சநேரம் நின்றதைப் போலத்தான் எனக்குத் தெரிந்தது. வாழ்க்கையில் அப்படி ஒன்றை நேரில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. பிறகு வண்டி இறங்கியது. முன்சக்கரம் தொண்டுக்குள் புதைந்து அங்கேயே நின்றுவிட்டது. வண்டி நின்றது, அவன் நிற்கவில்லை. ஹேண்டிலுக்கு மேலாகப் பறந்துபோய், மெத்தை முடிந்த இடத்தில், கட்டாந்தரையில், இடதுகையை ஊன்றி விழுந்தான்.

மணிக்கட்டு இரண்டாக ஒடிந்திருந்தது. அறுவை செய்து கம்பி வைத்தார்கள். எலும்பு சேர்ந்துவிடும், ஆனால் பிடிமானம் பழையபடி வருமா என்று சொல்ல முடியாது, இன்னொரு தடவை ஒடிந்தால் கையை மறந்துவிடவேண்டியதுதான் என்றார் டாக்டர். வலை இழுக்கிறவனுக்குக் கையை மறப்பது என்றால் கடலை மறப்பது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் மனைவி செலின் நின்றுகொண்டிருந்தாள். எங்கள் ஜங்ஷன் சந்தையில் மீன் விற்கிறவள், குரல் ரயில் ஸ்டேஷன்வரை கேட்கும். அன்று சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். நான் ஏதோ ஆறுதல் சொல்லப் போனேன். அவள் என்னை நிறுத்திச் சொன்னாள்: "கை ஒடிஞ்சதுக்கு நான் கரையல்ல ஆசானே. மயக்கம் தெளிஞ்சதும் அவிய சிரிச்சாவ பாத்தியளா, அதுக்காக்கும் கரையுதேன்."

கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தவள்

கொஞ்ச நாளில் செலினின் குரல் திரும்பி வந்தது. மீன் கூடையோடு நேராகச் சுகுமாரன் வீட்டுக்குள் நுழைந்து, தன் புருஷனுக்குப் பேய் பிடிக்கவைத்த அந்தக் கேசட்டை எடுக்கச் சொன்னாள். ஒரு தடவை பார்ப்பாளாம், பிறகு அடுப்பில் போடுவாளாம். நானும் கையில் மாவுக்கட்டோடு ஜெறால்டும் கூடப் போயிருந்தோம். நாங்கள் ஓட்டி ஓட்டி, கை விடுகிற இடத்தில் நாடா தேய்ந்து, திரையில் மழை பெய்துகொண்டிருந்தது.

ஒருவன் மேலே போவான், செலின் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொள்வாள். வண்டி தரையில் பட்ட சத்தம் கேட்டால்தான் கையை எடுப்பாள். அடுத்தவன் போவான், மறுபடியும் பொத்துவாள். கேசட் முடிந்தது. அடுப்புக்குத் தயாராக சுகுமாரன் அதை எடுத்து நீட்டினான். அவள் வாங்கவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னாள். அந்தத் தடவையும் பறப்பதைப் பார்க்கவில்லை, இறங்குவதை மட்டும் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள். சந்தையில் பழைய மீனைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

நாங்கள் செய்த மடத்தனம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை மாதம் அந்தக் கேசட்டை வானத்திலேயே நிறுத்தி, வானத்திலிருந்தே ரிவைண்ட் பண்ணியிருக்கிறோம். ஒருவன்கூட வண்டி இறங்குகிறவரை ஓடவிட்டுப் பார்க்கவில்லை. திரையில் இருந்தவர்கள் யாரும் மெத்தையில் இறங்கவில்லை. கெட்டித் தரையில், கீழ்நோக்கிப் போகிற சரிவில், வண்டியும் அதே சாய்வில் மூக்கைத் தாழ்த்தி, வழுக்கிக்கொண்டு போனார்கள். செலின் கூடையைத் தலையில் எடுத்து வைத்துக்கொண்டு சொன்னாள்: "மெத்த எதுக்கு, ஒறங்கதுக்கா? அவனுவ சரிவிலயாக்கும் எறங்குதானுவ, கண்ணுள்ள ஆம்பிளைய ஒருத்தனும் பாக்கல்லியா?"

தேங்காய்ப்பால் வைத்தியம்

கட்டுப் பிரித்தபோது இடதுகை விரல்கள் பாதிதான் மடங்கின. ஒரு டம்ளரைப் பிடித்தால் நழுவியது. ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொன்னார்கள். வேலைக்கு ஆகாத பந்தை எதற்கு அழுத்தவேண்டும் என்று செலின் அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, தேங்காயைத் துருவி அவன் முன்னால் வைத்தாள். இடதுகையால் பிழியவேண்டும். பால் வந்தால்தான் சோறு. அவர்கள் வீட்டில் அதன்பிறகு எல்லாமே தேங்காய்ப்பாலில்தான். மீனும் பாலில், மரச்சீனிக் கிழங்கும் பாலில், எந்தக் காலத்திலும் யாரும் பாலில் வைக்காத முருங்கையிலையும் பாலில்.

பிழிந்தது மிச்சமாகி எங்கள் பட்டறைக்கும் தூக்குப்பாத்திரத்தில் வந்தது. மூடியைத் திறந்து பாலின் நிறத்தைப் பார்த்தே அன்றைக்கு அவன் கை எப்படி இருக்கிறது என்று நானும் சுகுமாரனும் சொல்லிவிடுவோம். தண்ணீராக இருந்தால் எங்களுக்கும் மனசு சோர்ந்துவிடும். கெட்டியாக இருந்தால் இன்னும் இரண்டு வாய் சாப்பிடுவோம். ஒருநாள் தயிர் போலக் கெட்டியாக வந்தது. நான் பாத்திரத்தைச் சாய்த்துச் சுகுமாரனுக்குக் காட்டினேன். சுகுமாரன் வழித்து நக்கிவிட்டு, வயிற்றைத் தடவிக்கொண்டு சொன்னான்: "அவனுக்க கை சொகமாவும்போ எனக்க நெஞ்சு நின்னுரும் மக்கா."

தடித்த பிடி

காரோட்டில் செங்கல் அறுக்கக் களிமண் தோண்டி விட்டுப்போன பள்ளம் ஒன்று இருந்தது. கடற்கரைக்காரர்கள் ஓய்வுநாட்களில் வந்து அதன் ஒரு கரையைச் சரிவாக்கி, மண் சுமந்து, மிதித்துக் கெட்டிப்படுத்தினார்கள். ஜெறால்டு மறுபடி சாடத் தொடங்கினான். வானத்தில் பிரேக்கைத் தட்டி மூக்கைத் தாழ்த்திச் சரிவில் இறங்கியபோது வண்டி முனகக்கூட இல்லை. வெண்ணெயில் கத்தி இறங்கியதைப் போலப் போனது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அவனுக்குப் போதவில்லை. இரண்டு கையையும் விடவேண்டும் என்றான். அதற்கு அவன் வைத்த பெயர் குருசு, கையை விரித்தால் சிலுவை மாதிரி இருக்குமே. நான் ஸ்பானரை வீசிவிட்டேன். டாக்டர் சொன்னதை மறந்துவிட்டாயா, வள்ளத்துக்குப் போகவேண்டாமா, செலினை நினைத்துப் பார்த்தாயா என்று கத்தினேன். அவன் குனிந்து ஸ்பானரை எடுத்து என் கையில் கொடுத்தான். வள்ளத்துக்குப் போவதற்காகத்தான் கேட்கிறேன் என்றான். ஒருநாள் கடலுக்குப் போயிருக்கிறான். அலையில் கயிறு இழுத்தபோது இந்தக் கை பிடிக்குமா விடுமா என்று யோசித்திருக்கிறான். அப்படி யோசிக்கிறவன் கூட இருந்தால் வள்ளத்தில் இருக்கிற எல்லோருக்கும் ஆபத்து. தன் கை தன் சொல்லைக் கேட்குமா என்று அவனுக்குத் தெரிந்தாகவேண்டும்.

செலினிடம் கேட்டுவிட்டு வா என்றேன். அவளே வந்தாள். வேண்டாம் என்பாள் என்று நம்பினேன். அவளோ, மடங்காத விரலுக்கு ஹேண்டிலைத் தடிமனாக்க முடியுமா என்று கேட்டாள். சைக்கிள் டியூபை வெட்டி, இடதுபக்கப் பிடியில் சுற்றினேன், அவன் விரல் எதுவரை மடங்குமோ அதுவரை. அவன் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துப் பார்த்தான், விட்டான், மறுபடி பிடித்தான். பிறகு என்னிடம் சொன்னான்: "விடுகது ஒண்ணுமில்ல ஆசானே. திரும்பப் பிடிக்கதாக்கும் வேல."

குருசு

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஆட்கள் பள்ளத்தைச் சுற்றி நின்றார்கள். நானும் சுகுமாரனும் செலினும் இறங்குகிற சரிவின் ஓரத்தில் நின்றோம். செலின் மீன்கூடையைக் கீழே வைக்க மறந்து இடுப்பிலேயே வைத்திருந்தாள். ஜெறால்டு முதலில் சும்மா சாடினான், நன்றாக இறங்கினான். திரும்பிப் போய் அந்தக் கோடியில் நின்றான். வண்டியின் கழுத்தில் நான் அடித்த வெல்டிங், ஃபோர்க்கில் நான் ஊற்றிய எண்ணெய், பிடியில் நான் சுற்றிய டியூப், ஒவ்வொன்றும் என் கண் முன்னால் வந்து போனது. அவன் முறுக்கினான்.

மேட்டைவிட்டு எழும்பியதும் சத்தம் அடங்கியது. உச்சிக்கு வந்தபோது இரண்டு கையையும் எடுத்தான். எடுத்து, விரித்தான். கீழே செம்மண் பள்ளம், மேலே வெயில், நடுவில் ஒன்றையும் பிடிக்காமல் ஒரு மனிதன். எனக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிட அதிகமாக அழகாக இருந்தது. இந்தக் கண்ணால் இதைப் பார்க்கவா நான் இத்தனை நாள் கிரீஸில் புரண்டேன் என்று நினைத்தேன். வலதுகை திரும்பி வந்து பிடித்தது. இடதுகை வந்தது, பிடியில் பட்டது, வழுக்கியது. சுகுமாரன் கடவுளைக் கூப்பிட்டான். பின்சக்கரம் சரிவைத் தொட்ட நேரத்தில் அந்தக் கை மறுபடி வந்து பிடித்தது.

வண்டி எங்கள் முன்னாலேயே வழுக்கிக்கொண்டு போய், சமதரையில் ஓடி நின்றது. எல்லோரும் கத்திக்கொண்டு ஓடினோம். ஜெறால்டு இறங்கவில்லை. வலதுகையை எடுத்துவிட்டான். இடதுகை ஹேண்டிலிலேயே இருந்தது. திறக்கச் சொல்கிறான், திறக்கவில்லை. விரல்கள் வெளுத்துப்போய் டியூபுக்குள் பதிந்திருந்தன. அவன் அதைப் பார்த்துச் சிரிக்கிறான், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. நான் உதவிக்குப் போனேன். செலின் என்னைத் தள்ளிவிட்டு, கூடையைக் கீழே போட்டுவிட்டு, மீன் செதில் ஒட்டிய கையால் அவன் விரல்களைச் சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிரிக்கப் பிரிக்க அவை மறுபடி மூடிக்கொண்டன. அழுதுகொண்டே, அதட்டிக்கொண்டே சொன்னாள்: "விடுங்க மனுஷா, வண்டி எங்கயும் போவாது."

அன்றிலிருந்து யார் வண்டி கொண்டுவந்து நிறுத்தினாலும், வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் ஓட்டிவந்தவனின் கையைப் பிடித்துப் பார்க்கிற ஒரு பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது, ஆசான் கைரேகை பார்க்கத் தொடங்கிவிட்டார் என்று ஜங்ஷனில் பேசிக்கொள்கிறார்கள்.